திறப்பு

முதல் கடையில் சிரித்தார்கள்.
இரண்டாவதில் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள், அவளுக்கும்,
பிறகு சிரித்தார்கள்.
மூன்றாவது கராச்சில்
லான்ட்மாஸ்ரருக்கு அடியில் படுத்திருந்தவர்
வெளியே வராமலே சொன்னார்:
"தையலுக்கு அனுப்புங்கோ மிஸ்."

வினுசியாவுக்குத் தையல் தெரியும்.
தெரிந்ததால்தான் வேண்டாம் என்கிறாள்.

மல்லாவியில் அவர்கள் வீட்டுக் கிணற்று மோட்டர்
இரண்டு வருசத்தில் நாலு தரம் எரிந்தது.
நாலாம் தரம் சுற்றுவிக்கக் காசில்லை.
மூலையில் கிடந்ததை அவள் கழற்றினாள்,
கம்பியை எண்ணி எண்ணிக் கழற்றினாள்.
ஒரு சுருளுக்கு எத்தனை சுற்று என்று
கணிதக் கொப்பியின் கடைசி ஒற்றையில் எழுதினாள்.
திரும்பப் பூட்டத் தெரியவில்லை.
அந்தக் கொப்பியோடுதான்
பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்,
பரீட்சைப் பெறுபேற்றை அதற்குள்ளேயே ஒளித்துக்கொண்டு.

என் வேலை படிவங்கள்.
'வழிகாட்டப்பட்டோர்' என்று ஒரு நிரல் உண்டு.
வழியைக் காட்டினால் காணும்.
போய்ச் சேர்ந்தார்களா என்பதற்கு நிரல் இல்லை.

நாலாவது இடம் மாங்குளம் சந்தியில் திரும்பி
முல்லைத்தீவு ரோட்டில் கொஞ்சம் தள்ளி:
ஜெறாட் மோட்டர் வைன்டிங்.
வார்னிஷ் மணம்.
சிறுபோகக் காலம். வாசல் நிறைய மோட்டர்கள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் சோக்கட்டியால் ஓர் ஊர்:
ஒலுமடு, அம்பகாமம், பனிக்கன்குளம்,
கனகராயன்குளம் இரண்டு.

அவர் அவளைப் பார்க்கவில்லை, கொப்பியைப் பார்த்தார்.
"உது பிழை. நாப்பத்திரண்டு வராது, நாப்பத்தாறு."
"நாப்பத்திரண்டுதான். மூண்டு தரம் எண்ணினனான்."
"அப்ப முதல் சுத்தினவன் கள்ளன்.
அதுதான் எரிஞ்சுகொண்டே இருந்திருக்கு."

நான் மூச்சு விட்டேன்.
அவசரப்பட்டுவிட்டேன்.

"எனக்கு ஆள் தேவைதான். ஆனா மிஸ்..."
என்று கடையின் பின்பக்கம் பார்த்தார்.
பின்பக்கத்தில் ஒரு வாளி,
அதற்கப்பால் பற்றை.
"நாங்கள் ஆம்பிளையள். எங்களுக்குக் காடு காணும்."

உதவிப்பணத்துக்கு என் கோப்பில் ஒரு பக்கம் இருந்தது,
சப்பாத்துக்கு ஒன்று, காப்புறுதிக்கு இரண்டு.
இதற்கு இல்லை.

வெயிலில் இறங்கி நடந்தேன்.
உரக்கடையில், தண்ணி இல்லை என்றார்கள்.
பாமசியில், முதலாளியைக் கேட்கவேணும் என்றார்கள்,
முதலாளி கனடாவில்.
போட்டோக்கொப்பிக் கடைச் சுகிர்தமலர்
கடதாசியை அடுக்கியபடி
"மாசம் எவ்வளவு தருவியள்?" என்றார்.
நான் கைப்பையைத் திறக்க முதலே
பின்னால் நின்றவள் சொன்னாள்:
"அக்கா, உங்கட தண்ணி மோட்டர்ச் சத்தம் சரியில்லை.
பெயரிங் போகப்போகுது.
பழகினாப் பிறகு நான் மாத்தித் தாறன்."

மூன்று பேரும் கொஞ்சநேரம்
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.
எனக்கு எல்லா மோட்டரும் ஒரே சத்தம்.
சுகிர்தமலர் உள்ளே போய்
ஆணியில் தொங்கின திறப்பை எடுத்துவந்தார்.
"ஆறு மணிக்குக் கடை பூட்டுவன். அதுக்குள்ள."

ஒப்பந்தத்தை வாங்கில் வைத்து நிரப்பினோம்.
ஒன்பதாம் கேள்வி உடல்நலம்.
'இடது தோளில் சின்னத் துண்டொன்று.
ஒன்றரை வயதில். வேலைக்குத் தடையில்லை'
என்று வடிவான கையெழுத்தில் எழுதினாள்.
ஜெறாட் வாசித்தார்.
"எனக்கு மூண்டு" என்றார்,
பேனையைத் தேடினார்.

மூன்றாம் மாதம் ஒருநாள்
மல்லாவி பஸ்ஸில் கண்டேன்,
கறுத்த நகங்கள், மடியில் சாப்பாட்டுப் பெட்டி,
செப்புக் கம்பியில் கோத்த திறப்புக் கழுத்தில்.
வீட்டு மோட்டர் என்னாச்சு என்று கேட்டேன்.
"அது இன்னும் மூலையிலதான் மிஸ்.
கடைக்குக் கொண்டுபோய் வரிசையில வைக்கவேணும்.
முன்னுக்குப் பதினேழு ஊர் நிக்குது."