அடைத்துப் பார்த்தல்

பதினெட்டாயிரம் என்றது கம்பெனி விலை.
ஈஜிப்புராவில் இம்தியாஸின் ஹார்டுவேர் கடையில்
மூன்று அங்குல பிவிசி குழாய் நாலடி,
எல்போ இரண்டு, கிளாம்ப் ஆறு,
சிலிக்கான் ஒரு டியூப், கறுப்பு ஸ்ப்ரே.
ஆயிரத்து நூற்று நாற்பது.
“பாத்ரூமுக்கா மேடம்?”
“ஜிப்சிக்கு.”
பில்லை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார்.

போன ஐப்பசியில்
சிக்னல் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து
நின்றுபோன வண்டி.
காற்றை நசுக்கலாம் மேடம்
தண்ணீரை நசுக்க முடியாது என்று சொல்லி
வளைந்த கம்பியைக் கையில் கொடுத்தான் மெக்கானிக்.
நாற்பத்தோராயிரம்.
அந்தக் கம்பி இன்னும் ஷூ ராக்கில் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை.
செய்தித்தாளில் வெட்டிய வட்டத்தை
ஃபெண்டரில் ஒட்டினேன்.
துரு தொடாத இடம் அந்த வண்டியில் அது ஒன்றுதான்.
டிரில்லை எடுத்தேன்,
வைத்துவிட்டுக் காபி போட்டேன்,
திரும்பி வந்து மறுபடி அளந்தேன்.
“பேட மேடம், வேண்டாம்”
இரண்டு மொழியிலும் தடுத்தார்
கீழ்வீட்டு பிளம்பர் சிவலிங்கா,
தடுத்துக்கொண்டே
தகடு அதிராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

முனை வழுக்கி ஒரு கீறல்.
வெள்ளைக்கு அடியில் பட்டாளப் பச்சை.
ஏலத்தில் எடுத்ததல்லவா,
என்னிடம் சொல்லாத ஊர்கள் எத்தனையோ.

வட்டம் கழன்று உள்ளே விழுந்து
எங்கோ உருண்டு
‘டிங்’ என்றது.
இன்றுவரை கிடைக்கவில்லை.

வெட்டுவாயை அரத்தால் தேய்த்து
ரெட் ஆக்சைடு பூசி
குழாயை நிமிர்த்திக் கட்டி
வாயைப் பின்பக்கம் திருப்பினோம்,
எதிர்மழை நேராக நுழையாதபடி.
மாடியிலிருந்து யாரோ கேட்டார்கள்,
சமையல் வண்டியா என்று.

இனிதான் பரிட்சை.
எஞ்சின் ஓடும்போது
குழாயின் வாயை உள்ளங்கையால் அடைக்க வேண்டும்.
வண்டி சாக வேண்டும்.
செத்தால் தேறியது.

அடைத்தேன். சாகவில்லை.
பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது,
வேறெங்கோ திருட்டு மூச்சு.
சிவலிங்கா ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வந்தார்.
இணைப்பு இணைப்பாகக் காட்டினார்,
புகை நேராக எழுந்தது.
ஃபில்டர் பெட்டியின் அடியில் மட்டும்
சட்டென்று தலை குனிந்து
உள்ளே போனது.
மொச்சையளவு ஓட்டை.
ஈரம் வடியட்டும் என்று
கம்பெனியே வைத்தது.
சைக்கிள் டியூப் துண்டும் சிலிக்கானும் வைத்து அடைத்தோம்.

மறுபடி உள்ளங்கை.
குழாய் என் கையை இழுத்தது,
விடமாட்டேன் என்பதுபோல.
ஒரு திணறல், ஒரு உதறல்,
பிறகு தெருவின் மற்ற சத்தங்கள்.
கையில் சிவப்பாய் ஒரு வட்டம்.
சிவலிங்கா கைதட்டினார்.

புரட்டாசி இரவு மழை.
சிக்னலில் முகப்பு விளக்கு வரை தண்ணீர்.
டாக்சிகள், ஒரு வேன்,
மினுக்கும் விளக்கோடு வரிசையாய் நின்றிருக்க
நான் முதல் கியரில் நுழைந்தேன்.
செருப்பு மிதந்தது. வண்டி மூச்சு விட்டது.
எங்கள் தெருவிலும் திரும்பியதும் தண்ணீர்.
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது,
எடுத்தால் சைலன்சர் வழியாக ஏறிவிடும்.
எடுக்கவில்லை.
முன்னால் திரண்ட அலை
இரு பக்கமும் விரிந்து
தாழ்ந்த வாசல்களைத் தாண்டிப் போவதைக்
கண்ணாடியில் பார்த்தேன்.
மக்கால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்
மொள்ளுவதை நிறுத்தினாள்.

காலையில்
பானெட்டின் மேல் மெத்தை.
வைப்பரில் இரண்டு துண்டு.
ஸ்நார்க்கல் முனையில், சரியாக வாயை மூடி,
சிவலிங்காவின் பையனின் பள்ளிச் சட்டை.
“வேலை செய்ததா மேடம்?”
உண்மையான ஆவலோடுதான் கேட்டார்.
செய்தது என்றேன்.
“சொன்னேனே, அந்த ஓட்டைதான்”
என்று தலையணையைப் பிழிந்தார்.

சட்டை காய மத்தியானம் ஆகும்.
ஆட்டோவில் போனேன்.