இரண்டு பெட்டிகள்

முதல் வகுப்பில் மதாம் எபிஷெர்
பலகையில் இரண்டு பெட்டி வரைந்தார்.
இடப்பக்கம் அனுப்புநர், வலப்பக்கம் பெறுநர்,
நடுவே ஓர் அம்பு.
அம்பின் முதுகில் மின்னல்போல் ஒரு கிறுக்கல்.
"இதுதான் இரைச்சல்.
டிசம்பர் வரை இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்."
எண்பது பேர் குனிந்து எழுதினோம்.
சுவரோர ரேடியேட்டர் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது,
அதை யாரும் எழுதவில்லை.

ஃப்ரிபூர்க்கில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு,
அந்தப் பக்கம் ஜெர்மன் என்பார்கள்.
பேக்கரி வரிசையில் நின்றால் அப்படியொன்றும் தெரியாது.
யார் முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறாரோ
அவர் மொழியில் பாண் கிடைக்கும்.

எங்கள் குழுவில் நாலு பேர்.
லடீனா, மலைப்பக்கம், வீட்டில் ரோமான்ஷ்.
ஆர்த்தா, கொசோவோக்காரி;
பெயரிலேயே அர்த்தத்தை வைத்திருக்கிறாள் என்று
எனக்குள் மட்டும் சிரித்துக்கொள்வேன்.
லோயிக், ஒரு சொல்லுக்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமுபவன்.
பிறகு நான்.

முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து
ஒருவர் சொல்ல மற்றவர் வரைய வேண்டும்.
என் தாளில் ஒரு முக்கோணம்,
கீழே வட்டம், வட்டத்துக்குள் ஒரு கோடு.
அப்படியேதான் லோயிக்கிடம் சொன்னேன்.
அவன் வரைந்திருந்தது தொப்பி போட்ட ஒருவனை,
வாய் மட்டும் நேர்கோடாய்.
வகுப்பே சிரித்தது.
"வட்டம் என்றாய். எனக்கு முகம் என்று கேட்டது."
அவன் சொன்ன முழு வாக்கியங்களில்
எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

தமிழில் இந்தப் பாடத்துக்கு என்ன பெயர், ஆர்த்தா கேட்டாள்.
தொடர்பாடல், என்றேன்.
தொடர்பும் ஆடலும் சேர்ந்தது.
வேறு இடத்தில் வெட்டினால்
தொடர், பாடல்.
எது சரி?
முதலாவது சரி. இரண்டாவது நன்றாயிருக்கிறது.
அன்று லோயிக் வந்திருக்கவில்லை.

அடுத்த வாரமும்.
அதற்கடுத்ததும்.
வாட்ஸ்அப்பில் எழுதினோம்:
ஞாயிறுக்குள் உன் பகுதி வேண்டும்.
இரண்டு நீலக் குறி.
எல்லாம் சுகம்தானே?
இரண்டு நீலக் குறி.
பகுதியைத்தான் முதலில் கேட்டோம்,
சுகத்தைப் பிறகு.

முகப்புத் தாளில் எத்தனை பெயர் போடுவது என்று
மென்சாவில், ஆறிப்போன ரோஷ்டிக்கு முன்னால், சண்டை.
செய்யாதவனுக்கு எதற்குப் புள்ளி என்றவள் நான்தான்.
குரலைக் குறைத்துச் சொன்னதாக இப்போது எழுதமாட்டேன்.
"வாசிக்கிறானே, நீலமாகிறதே" என்றாள் லடீனா.
நாலு பெயரும் போட்டோம்.
மௌனத்தைப் பற்றிய பகுதி அவனுக்கு ஒதுக்கியது.
ஓரிரவில் நானே எழுதி முடித்தேன்,
பதினொரு பக்கம், முப்பத்திரண்டு அடிக்குறிப்பு.
ஆறுக்கு நாலரை வந்தது.
ஓரத்தில் மதாமின் பென்சில்:
"மௌனத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள்."

பரீட்சைக்கு முந்தின நாள்
கீழ்நகருக்குக் கம்பிரயிலில் இறங்கினேன்.
ஊரின் கழிவுநீரில் ஓடும் வண்டி அது.
மேலே நிற்கும் பெட்டி வயிறுமுட்ட அதைக் குடித்துக்
கனத்து இறங்கும்,
அந்தக் கனத்தில் கீழே நிற்பது ஏறும்.
நாற்றத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.
பாதி வழியில் தண்டவாளம் பிளந்து
இரண்டு பெட்டியும் தோளுக்குத் தோள் வரும்,
மூன்று நொடி, மிஞ்சினால் நாலு.

எதிர்ப்பெட்டியில் சாம்பல் தொப்பி.
வாய் நேர்கோடு.
லோயிக்காகத்தான் இருக்க வேண்டும்.
கை உயர்ந்தது,
கண்ணாடிக்குப் பின்னால் இடமிருந்து வலம் ஒருமுறை போனது.
கையசைத்தானா,
ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்தானா?

பதினாலு வாரம் படித்தவள்.
அம்பு எங்கே தொடங்குகிறது என்று
நாளைக்கு எழுதப் போகிறவள்.
என் கையும் எழுந்தது.
பாதி அசைத்தேன், பாதி துடைத்தேன்.
கீழே இறங்கும்போது
உள்ளங்கை ஈரமாயிருந்தது.