நீவாடு

தங்கச்சிமடம் மீன்துறை அலுவலகத்தில்
காற்றாடிக்குப் பயந்து
என் கோப்பின் மேல் ஒரு சங்கை வைத்திருக்கிறார்கள்.

"சோநீவாடு இழுத்துருச்சு சார்.
இஞ்சின் நின்னு போச்சு."
கிளாட்வின் வாக்குமூலம் அவ்வளவுதான்.
அவன் திரும்பிவிட்டான். படகு அக்கரையில்
மழை குடித்துக்கொண்டு கிடக்கிறது.

இருபத்தாறு வருடம், நாலு தூதரகம்,
மூன்று மொழிக் கவிதைகளைத் தமிழில் பெயர்த்தவன்
போன மாதப் பேச்சுவார்த்தைக் குறிப்பில் எழுதினேன்:
'படகு எல்லையைக் கடந்தது.'
கடப்பதற்குக் கால் வேண்டும்,
ஒரு எண்ணமாவது வேண்டும்.
தெரிந்தேதான் எழுதினேன்.
மணி ஆறாகியிருந்தது. எதிர்த்தரப்புக்கு விமானம்.

சாயங்காலம் குந்துகாலில் வண்ணப்பெட்டியைத் திறந்தேன்.
தாள் ஈரமாயிருக்கும்வரை கோடு நிற்காது,
நீலம் நீலத்துக்குள் போய்விடும்.
காயட்டும் என்று காத்திருந்தேன்,
தொழில் பழக்கம்.

பின்னால் வந்து நின்றாள் ரெஜினாள், கிளாட்வின் பெண்டாட்டி.
"எங்க படகு எங்க?"
வரையவில்லை என்றேன்.
"இந்தா, இங்கன கிடக்கும்" என்று
தாளைத் தாண்டி,
மணலில்,
என் செருப்புக்குப் பக்கத்தில்
விரலை ஊன்றினாள்.
"தாளு பத்தாது சார் உங்களுக்கு."

இரவே திருத்தம் அனுப்பினேன்:
'கடந்தது' நீக்கப்படுகிறது.
அந்த இடத்தில் 'நீவாடு',
தமிழ் எழுத்திலேயே.

காலையில் டெல்லியிலிருந்து ஒற்றை வரி:
சொல்லுக்குப் பொருள் தரவும்.

எத்தனையோ கவிஞர்களுக்கு
அகராதி பார்த்தே சொல் கொடுத்தவன்,
இன்றைக்குக் கிளாட்வின் வீட்டுக்கு
வழி கேட்டு நடக்கிறேன்.