மேல்மடை

மாலை ஆறு நாற்பது.
அக்கரைப்பேட்டை ஐஸ் கம்பெனி.
மூன்று கம்பரஸரும் ஓடுகின்றன.
உப்புநீர்த் தொட்டி மைனஸ் பன்னிரண்டு.
தொட்டிக்குள் நானூறு டின்,
ஒவ்வொன்றிலும் ஓரம் உறைந்த தண்ணீர்,
நடுவில் இன்னும் முடிவெடுக்காத ஒரு துளை.

போன்.
சளி பிடித்த பெண்குரல்:
"வெயில் இறங்கிடுச்சு, தெற்கே காத்தும் விழுந்துடுச்சு.
ஊரெல்லாம் இப்பதான் லைட்டைப் போடுறாங்க.
இருநூறு கிலோவாட் விட்டுக்கொடுப்பீங்களா,
ஒன்றரை மணி நேரம்?"

முதலாளி மரைக்காயர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்
பதினாலு பக்கம்.
நான் படித்தது ஒரே வரி:
மறுக்கலாம்.

இரண்டை நிறுத்தினேன்.
குழாய்மேல் பனி விரிசல் விடுவது
வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாகக் காதில் விழுந்தது.
கொசுக்களும்.

வெண்ணாற்றில் தண்ணீர் குறைந்த வருஷம்
முறை வைத்தார்கள்:
மேல்மடைக்கு ஆறு நாள் அடைப்பு,
கடைமடைக்கு ஆறு நாள் பாய்ச்சல்.
தலைஞாயிற்றில் எங்கள் வயல்தான் கடைசி.
மூன்றாம் ராத்திரி மேலே யாரோ
ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள்.
யாரென்று கடைசிவரை தெரியவில்லை.
நாற்றுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைக்கு நான் மேல்மடை.
ஷட்டர் என் கையில், சிவப்புப் பொத்தானாக.

மைனஸ் பதினொன்று.
மைனஸ் பத்து.
மத்தியானம் வெயில் கொட்டிய கரண்ட்தான்
இந்தத் தொட்டியில் குளிராக நிற்கிறது.
அதைத்தான் சொட்டுச் சொட்டாகச்
செலவழித்துக்கொண்டிருக்கிறேன்,
எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு மிக்சிக்கு.

எட்டு பத்துக்கு மறுபடி போன்.
"இன்னும் ஒரு மணி நேரம்?"
மைனஸ் எட்டரை.
மூணு மணிக்குத் தமயந்தியின் போட் கிளம்புகிறது,
முந்நூறு பார்.
"முடியாதுங்க."
அந்தப் பக்கம் பேச்சில்லை. இருமல்.
"அரைமணி?"
"பத்து நிமிஷம். அதுக்கு மேல மீன் நாறும்."
சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.
"பத்தே குடுங்க. வேற எடத்துலயும் கேக்குறேன்."

பத்தும் முடிந்தது.
இரண்டையும் ஒரே மூச்சில் போடவில்லை.
அடைத்த மடையைச் சட்டென்று திறந்தால்
கீழே கரை உடையும்.
ஒன்று. கால் மணி கழித்து அடுத்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாகை முழுக்க வெளிச்சம்.
ஒரு விளக்கும் அணையவில்லை,
அதனால் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மூன்று மணி.
பார்கள் சறுக்கி இறங்குகின்றன.
தமயந்தி ஒன்றை நிறுத்தி
நடுவில் விரலை விட்டுப் பார்க்கிறாள்.
விரல் நுழைகிறது.
"என்னய்யா, ஓட்டை ஐஸா?"
ராத்திரிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.
"அதெல்லாம் வேணாம். ரெண்டு பார் கூடப் போடு."

போட்டேன்.
பதிவேட்டில் உற்பத்தி, விற்பனை, சேதம் என்று
மூன்றே பத்தி.
அந்த இரண்டை எதில் எழுதுவதென்று
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.