கடவுச்சீட்டு இலக்கம் கட்டாயம்

உயரம் இரண்டு மீற்றர். அகலம்
ஒரு ஆளும் அவர் முதுகுப்பையும் கொள்ளுமளவு.
கதவு வேண்டாம் என்றேன்.
அழ வருகிறவர்கள் கதவு தேடுவார்கள் என்றார்
சுற்றுலாப் பொலிஸ் அதிகாரி ஜயசுந்தர.
அரைக்கதவில் உடன்பட்டோம்:
முகம் மறையும், கால் தெரியும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில்
ஐஸ்கிறீம் வண்டிக்கும் மீன் ஏலக் கொட்டிலுக்கும் நடுவே
சீமெந்து போட்டு நிறுத்தினோம்.
"உப்புக்காத்து மூண்டு மாசத்தில ஆணியைத் தின்னும்"
என்றான் ஒட்டுவேலைக்கு வந்த குலேந்திரன்.
துருப்பிடிக்காத உருக்குக் கேட்டு எழுதினேன்.
கொழும்பு நீலப் பெயின்ற் அனுப்பியது.

தொந்தரவு என்பதற்கு ஒரு படம் வேண்டும்.
தோளில் ஒரு கை வரைந்தேன்: சிநேகிதம் போலிருந்தது.
கையைச் சிவப்பாக்கினேன்: மருத்துவமனை.
பதினொரு தரம் வரைந்து கடைசியில்
விலகிப் போகிற இரண்டு செருப்புகள்.

மொழிகள் ஆறு.
தமிழ் எங்கே என்று கேட்டேன்.
"பயணி தமிழிலா களவு கொடுப்பார்?"
ரொறொன்ரோவிலிருந்து வருபவர்கள் கொடுப்பார்கள்.
"அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும்."
இரண்டு கிழமை இழுபட்டு ஏழாவதாக வந்தது,
திரையின் அடியில்,
குழந்தைக்கு எட்டுகிற இடத்தில்.

பரிசோதனை யூன் நடுவில், பத்து நாள்.
முதல் நான்கு முறைப்பாடும் நானே செய்தவை.
ஐந்தாவது, விரல் போன போக்கில் ஒரு சிறுவன்.
ஆறாவது, சப்பாத்து பறிகொடுத்த ஒல்லாந்துக்காரர்;
சந்தேக நபரின் தோற்றம்:
மண்ணிறம், இடது பின்னங்கால் நொண்டும்.

ஏழாவது நாள்
அரைக்கதவின் கீழே வெறுங்கால்கள்.
குதிகாலில் செதில் ஒட்டியிருந்தது.
கருவாடு காயப்போடுகிற யோகமலர்.
தொடாவிட்டால் தொண்ணூறு வினாடியில் திரை அணைந்துவிடும்.
நான்கு தரம் அணைந்தது,
நான்கு தரமும் எழுப்பினாள்.
நான் ஏலக் கொட்டிலில் நின்று
நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன், உதவி செய்யக்கூடாது,
அதுதான் விதி.

வெளியே வந்து துண்டை நீட்டினாள்.
முறைப்பாடு கிடைத்தது, இலக்கம் இன்னது,
இனிய பயணம் அமைய வாழ்த்துகள்.
"எங்க தம்பி போகச் சொல்லுது?"

இரவு விடுதியில் பதிவைத் திறந்தேன்.
கடவுச்சீட்டுப் பெட்டியில் முதலில்
அடையாள அட்டை இலக்கம்: தள்ளிவிட்டது.
பிறகு படகின் பதிவு இலக்கம்:
எழுத்தும் எண்ணும் இருந்ததால் ஏற்றுக்கொண்டது.
திகதிப் பெட்டி முப்பது நாள்தான் பின்னால் போகும்.
அவள் இருபத்தொன்பது நாள் போயிருந்தாள்.
மே பதினெட்டு.
இடம்: இந்தக் கரைதான்.
களவுபோன பொருள்: என்ர முகம், படமா.
சந்தேக நபர்: உயரம், ஓலைத்தொப்பி,
எடுத்துப்போட்டுச் சிரிச்சவர்.
சாட்சி: கடலுக்கு முதுகு காட்டி நிண்ட எல்லாரும்.
பொருளின் பெறுமதி, ரூபாவில்:
கேட்டிருந்தால் சும்மா குடுத்திருப்பன்.

காலையில் ஜயசுந்தரவின் குறிப்பு.
பெறுமதிப் பெட்டி
எண்ணை மட்டும் ஏற்கவேண்டும்.
படகு இலக்கம் நுழையும் ஓட்டையை அடைக்கவேண்டும்.
திங்கட்கிழமைக்குள்.

சின்ன வேலை, இரண்டு வரி மாற்றினால் போதும்.
குலேந்திரனிடம் எண்ணெய்ப் போத்தல் வாங்கி
கிறீச்சிடுகிற அரைக்கதவுக்கு
முதலில் எண்ணெய் விட்டேன்.