திருப்புல்லாணியிலிருந்து நாலு கிலோமீட்டர்

சேதுக்கரைக்கு நடந்தா போறீங்க என்றார்
செருப்பு காக்கிறவர்.
ஆமாம் என்றேன்.
வேன் இருக்கே என்றார்.
இருந்தது. சன்னதித் தெரு முனையில்
கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு
அமாவாசையாக இல்லாத ஒரு புதன்கிழமையை
நொந்தபடி நின்றது.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
நானே வரைந்த வரைபடம்:
குளம். வளைவு. டீக்கடை. வளைவு. கடல்.
முன்னொரு காலத்தில்
காசியிலிருந்து கால்தேய வந்தவர்கள்
கடைசியாய் நடந்த தூரம் இது.
அவர்களுக்கு மாதக்கணக்கு.
எனக்கு, இடையில் உட்காராவிட்டால், ஒரு மணி நேரம்.

பதினோரு வருடத்துக்கு முன் இங்கே
அரசமரத்தடியில் நாகம் வைத்து
தொன்னையில் பால்பாயசம் வாங்கி
ஆளுக்குப் பாதி குடித்தோம்.
ஏலக்காய் தூக்கல் என்று
தர்மசீலன் இப்போதும் சொல்வான்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவது அவ்வளவுதான்.
"மறுபடியுமா?" என்றான் நேற்று.
"சும்மா, நடக்க" என்றேன்.

இருபுறமும் சீமைக்கருவேலம்.
அதற்கு மேலே, அதைக் கண்டுகொள்ளாமல், பனை.
மட்டையோடு மட்டை உரசுவது
பின்னால் யாரோ வருவதுபோலக் கேட்கிறது.
இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.
மூன்றாம் முறை, வந்தால் வரட்டும்.

மீன்பெட்டி கட்டிய பைக் ஒன்று எதிரே வந்து
தாரில் ஐஸ் தண்ணீரால்
ஒரு கோடு இழுத்துப் போனது.
கடல் எந்தப் பக்கம் என்பதற்கு
என் ரசீதைவிட நல்ல வரைபடம்.
காய்வதற்குள் அதன் மேலேயே நடந்தேன்.

டீக்கடையில் ஜெய்னம்பு கேட்டாள்:
"என்ன வேண்டுதலு?"
"ஒண்ணுமில்லை."
"ஒண்ணுமில்லாமயா இம்புட்டு வெயில்ல வாரீக?"
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு என் கிளாஸில்
இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

இரண்டாவது வளைவில்
நான் வரையாத ஒன்று.
நட்ட கல் இரண்டு, மேலே கிடந்த கல் ஒன்று.
தலைச்சுமையை
இன்னொருவர் கைபடாமல் இறக்கும் உயரம்.
சூலோடு போனவள் பேரில் நடுவார்கள்.
இறக்கிவைக்க முடியாமல் போனவளுக்காக
ஊர் இறக்கிவைத்துக்கொள்ள ஓர் இடம்.
எழுத்து இருந்த பக்கம்
யாரோ சின்னம் வரைந்து, வெள்ளையடித்து,
மறுபடி வேறு சின்னம் வரைந்திருந்தார்கள்.
விரலால் தடவினேன்.
கடைசியில் ஒரு "ள்" போல.
அல்லது வெடிப்பு.

என் பை கனமே இல்லை.
தண்ணீர் பாட்டில், துண்டு, பாதி பிஸ்கட் பாக்கெட்.
இருந்தும் இறக்கிவைத்தேன்.
எவ்வளவு நேரம் நின்றேனோ,
வெள்ளாடுகள் ஒரு கூட்டம் வந்து
நான் இன்னொரு தூண் என்பதுபோல
சுற்றிக்கொண்டு போனது.

கரையில் அனுமார்
கடலைப் பார்த்தபடி நிற்கிறார்.
தாண்டிப் போனவருக்கு என்ன,
நான் முழங்கால் அளவோடு நின்றுகொண்டேன்.
விரலில் தர்ப்பை மோதிரத்தோடு ஒருவர் வந்தார்.
"யாருக்கும்மா?"
"ஒருத்திக்கு."
"பேரு?"
"தெரியாது."
"கோத்திரம்?"
"வழியில பார்த்தேன்."
அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.
"நீங்களே ஒரு கை அள்ளி விடுங்க."
காசு அவர் வாங்கவில்லை,
இல்லை, நான்தான் கொடுக்கவில்லை.

அள்ளினேன், விட்டேன்.
பிறகு, யாரும் சொல்லாமல்,
கை இன்னொரு தரம் குனிந்தது.
இந்த முறை கொஞ்சமாக.
சின்னக் கை அள்ளுகிற அளவு.

திரும்பும்போது பஸ்.
"எத்தனை?" என்றார் நடத்துநர்.
"ஒண்ணு."
அந்த வளைவில் எட்டிப் பார்த்தேன்.
கல்லின் மேல் ஒரு மீன்கூடை இருந்தது.
பக்கத்தில் ஒருத்தி
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.