பத்து நாளைக்கு மின்னல்

குடலிறக்கம். பத்து நாள் என்றார் டாக்டர்,
சேலம் பெரியாஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தால்.
வயிற்றைக் கீறுவதில் எனக்குக் கவலையில்லை.
இருபது கொண்டை ஊசிக்கு மேலே
ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில்
நின்றுகொண்டே தூங்கும் ஒருத்தியை
யாரிடம் விடுவது?

பேர்தான் மின்னல்.
நான் வாங்கியதிலிருந்து ஓடியதில்லை.
படகுத்துறையிலிருந்து பூங்கா வரை
நூறு ரூபாய்க்கு ஒரு நடை,
போட்டோவோடு என்றால் நூற்றைம்பது.
இடக்கண்ணில் வெள்ளை விழுந்து நாலு வருஷம்.
அந்தப் பக்கமாய் வருகிறவர்கள்
முதலில் குரல் கொடுக்க வேண்டும்.
இல்லையென்றால் உதை.
அதில் மட்டும் மின்னல்தான்.

சகாயராஜுக்குச் சொந்தமாய் இரண்டு குதிரை உண்டு.
கூலியைச் சொன்னதும் சிரித்தான்.
ராத்திரி ஒருதரம் எழுந்து
தண்ணீர் பார்க்கணும் என்றதும்
வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டான்.
கொள்ளென்றால் வாய் திறப்பதும்
கடிவாளமென்றால் மூடிக்கொள்வதும்
குதிரை மட்டுமல்ல.
அதோடு, அவன் கையில் விட்டால்
சனி ஞாயிறு அவள் முதுகில் வேர்வை காயாது.

காலேஜ் பையன் நித்திலன் தானாகவே வந்தான்.
குதிரை என்றால் உயிராம்.
கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏழெட்டு செல்ஃபி.
அவளுக்கும் பிடித்துத்தான் போனது,
சட்டைப்பையில் வெல்லம் இருந்தது.
கால் வீங்கினால் என்ன செய்வாய் என்றேன்.
போனைத் தடவினான்.
"பாத்துச் சொல்றேங்ண்ணா."
பாவம், பொய் சொல்லத் தெரியாதவன்.

எஸ்டேட் வாட்ச்மேன் துரைக்கண்ணு
எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றார்,
நான் கேட்காத ஒன்றிரண்டுக்கும்.
அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்து சேருங்கள் என்று போன் வந்தது.
திங்கள் சாயங்காலம் பனி இறங்கும் வரை
யாரும் அமையவில்லை.

மக்காச்சோளம் சுடும் பூங்காவனம்
ஆறு வருஷமாய் என் எதிரி.
மின்னல் லத்தி போடுவது
சரியாக அவள் வண்டிக்கு நேரே.
ஊராட்சியில் இரண்டு மனு,
போலீசில் ஒன்று,
என் முகத்துக்கு நேரே கணக்கில்லை.
அன்றைக்கும் விளக்குமாற்றோடு வந்தாள்.
வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"போன வியாழக்கிழமை தண்ணியாப் போட்டுது.
தவிடு மாத்துனியா?"
மாற்றியிருந்தேன்.
"வெள்ளிக்கிழமை ஒண்ணுமே போடல.
வண்டியக் கட்டாம உக்காந்து பாத்துட்டிருந்தேன்.
விடியக்காலம்தான் போட்டுது.
அப்புறம் போய்ப் படுத்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை
ஸ்கேன் எடுக்க நான் கீழே போயிருந்தேன்.
அப்படி ஒரு ராத்திரி நடந்ததே
எனக்குத் தெரியாது.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.
முதலில் கூலி பேசினாள்.
நாளுக்கு முந்நூறு.
கொட்டகைக்குள் விழுவது அவள் மிளகுக் கொடிக்கு.
வெளியே விழுவதை
நான் திரும்பி வந்த நாள்முதல்
நானேதான் அள்ள வேண்டும்.
சவாரி விடக்கூடாது என்றேன்.
"எனக்கு ஏறத் தெரியாது.
ஏறுனவங்களப் பாத்திருக்கேன். அதே போதும்."
பிறகு வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு
அவளிடம் போனாள்.
கண் விஷயத்தை
நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அறுத்த மறுநாள் வார்டிலிருந்து கூப்பிட்டேன்.
தணலில் சோளம் வெடிக்கிற சத்தம், ஜனம்.
"யாவார நேரம். எட்டு மணிக்குப் போடு."
எட்டு மணிக்குப் போட்டேன்.
"ஒம்பது தரம். எல்லாம் நல்ல உருண்டை."
அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஒம்பது தரம், என்று
நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
வீட்டில் கைக்குழந்தையா என்றார்
பக்கத்துக் கட்டில்காரர்.
சிரிக்கக் கூடாது,
தையல் பிரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

மேலே மழையா என்று கேட்க மறந்துபோனேன்.
தொட்டிக்கு மேலே தகரத்தில் ஓர் ஓட்டை,
அதையும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பார்த்திருப்பாள்.